பெயர் எழுதாத ஆறு மெஷின்கள்

கோட்டுக்காரர் மூன்று தடவை வந்தார். மூன்று தடவையும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம். நான்காவது தடவை அவர் வரவில்லை, ஆறாயிரம் செட் யூனிஃபார்முக்கு ஓர் ஆர்டர் வந்தது. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரிய நாற்பத்தொரு நாள் ஆனது. அந்த நாற்பத்தொரு நாளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் என்றால் நானும் என் நாத்தனாரும். நான் துணி வெட்டுகிறவள். அவள் பட்டனுக்குக் காஜா எடுக்கிறவள். அதில் அவளுக்கு அப்படியொரு கை, அதனால் எல்லோரும் அவளைக் காஜா என்றே கூப்பிடுவார்கள். அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து தொழில் ஆரம்பிக்கிறார்கள் என்றதும் சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆறே மாதத்தில் ஒருத்தி முடி இன்னொருத்தி கையில் இருக்கும் என்றார் என் மாமியார். ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. முடி அவரவர் தலையில்தான் இருக்கிறது, என்னுடையது கொஞ்சம் நரைத்துப் போய்.

அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெரிய தையல் கம்பெனியில் வேலை பார்த்தோம். அந்த முதலாளி நல்ல மனுஷர்தான். வெளியிலிருந்து பணம் போட்டவர்கள் வந்தபோது அவருடைய அறைக்கு ஏ.சி. வந்தது, எங்களுக்குப் புது நாற்காலி வந்தது. இரண்டு வருஷம் கழித்து அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் கேட்டில் பூட்டுத் தொங்கியது. இருநூறு பேர் ரோட்டில் நின்றோம். முதலாளியும் எங்களோடு ரோட்டில்தான் நின்றார், அவரிடமும் சாவி இல்லை. என் சொந்தக் கத்தரிக்கோல் உள்ளே மாட்டிக்கொண்டது. நான் பார்த்துப் பார்த்து வாங்கிச் சாணை பிடித்து வைத்த கத்தரிக்கோல் அது. இன்னும் அந்தப் பூட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

அன்றைக்கே முடிவு செய்தோம். எங்கள் கடைக்குள் வெளியாள் காசு வரக்கூடாது. கடனும் வேண்டாம், பங்குதாரரும் வேண்டாம். வாடிக்கையாளர் கொடுக்கும் அட்வான்ஸில் துணி வாங்குவோம். தைத்துக் கொடுத்த பிறகு கையில் நிற்பதில்தான் மெஷின் வாங்குவோம்.

முதல் மெஷினுக்குக் காஜா தன் வீட்டு ஃபிரிட்ஜை விற்றாள். அந்த மெஷினின் கழுத்தில் சின்னப் பிரஷ்ஷால் வெள்ளைப் பெயின்ட் தொட்டு "ஃபிரிட்ஜ்" என்று எழுதினாள். விளையாட்டாக ஆரம்பித்தது அப்படியே வழக்கமாகிவிட்டது. எந்த ஆர்டர் வாங்கிக் கொடுத்ததோ, அதன் பெயர் அந்த மெஷினுக்கு. பல் ஆஸ்பத்திரி, பேக்கரி, கார் கழுவுறவங்க, நாய் டாக்டர். டயர் கடைக்கு மேலே, ரப்பர் வாசனை அடிக்கும் ஒரே நீள அறையில் பதினோரு மெஷின்கள். புதிதாக வருகிறவர்கள் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு முழிப்பார்கள். "பேக்கரில நூல் அறுந்துடுச்சு", "நாய் டாக்டருக்கு எண்ணெய் விட்டாச்சா?" என்று ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டிருந்தால் யார்தான் முழிக்க மாட்டார்கள்?

என் தம்பியைச் சொல்லவில்லையே. ஆர்டர் பிடிக்கிறவன் அவன். முதல் வருஷத்திலிருந்து எங்களோடு இருக்கிறான். பைக்கில் சாம்பிளைக் கட்டிக்கொண்டு ஏறி இறங்காத மாடி இல்லை. நாக்கில் தேன் தடவின மாதிரி பேசுவான், கல்லும் கரைந்து ஆர்டர் கொடுத்துவிடும். எங்களுக்குள் பேரம் பேசத் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். ஒருநாள் காஜா நாய் டாக்டர் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றான்.

"ஒண்ணுல என் பேரையும் எழுதுங்களேன்."

"நீ என்ன மெஷினா வாங்கிக் குடுத்த?" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

கோட்டுக்காரர் வந்தது போன வருஷம். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனுஷர். மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்கி, பதினோரு மெஷினையும் சுற்றிப் பார்த்தார்.

"இவ்ளோ நல்லா தைக்கிறீங்க. ஏன் இன்னும் பதினொண்ணுலயே நிக்கிறீங்க? நூறு மெஷின் போடலாம்."

"யாரு மெஷின்?" என்றேன்.

"நம்ம மெஷின்தான்."

வந்து கால் மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் நம்ம. என் மூக்கு மேலே கோபம் ஏறியதைக் காஜா பார்த்துவிட்டாள். டீ டம்ளரை அவர் கையில் திணித்து, "சூடா குடிங்க சார், கீழ உங்க காரை எடுக்கச் சொல்லி டயர் கடைக்காரர் கத்துறார்" என்றாள். டயர் கடைக்காரர் கத்தவே இல்லை.

மூன்று தடவையும் இதே கதைதான். பணம் நான் போடறேன், நீங்க தைங்க, பாதிக்கு மேல பங்கு எனக்கு. மூன்றாவது தடவை நான் டீகூட முழுதாகக் குடிக்க விடவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி ஓடி வந்தான். ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கும் ஒரு கம்பெனியாம். நர்ஸ்களுக்கு மேல்சட்டையும் பேன்ட்டும், ஆறாயிரம் செட், அறுபது நாள். சட்டைப் பாக்கெட்டில் தைக்கும் பேட்ஜை மட்டும் அவர்கள் கொடுப்பார்கள். அட்வான்ஸ் பாதி இல்லை, முழுசும்.

"முழுசுமா?" என்று காஜா கேட்டாள். ஒன்பது வருஷத்தில் பாதிக்கு மேல் கொடுத்தவர்கள் யாரும் இல்லை.

"நம்ம வேலைய பாத்துட்டுதான் குடுக்கறாங்க. இதுல கடன் வாங்காம ஆறு மெஷின் வாங்கிடலாம்க்கா. ஒரு மெஷினுக்கு நாளைக்கு ஆறு செட். பதினேழு மெஷின் இருந்தாதான் நூறு வரும். கணக்கு சரியா இருக்கு பாரு."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. வேறு யாராவது பங்குப் பத்திரம் என்று நீட்டியிருந்தால் எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்திருப்போம். இது ஆர்டர். ஆர்டர் காகிதத்தில் நாங்கள் எப்போதும் ஒரே ஒரு பக்கத்தைத்தான் படிப்போம், அளவுப் பட்டியல் இருக்கும் பக்கத்தை. பதினோரு பக்கக் காகிதத்தில் நான்காம் பக்கத்தை நான் மூன்று தடவை படித்தேன். பெரிய சைஸில் மார்பளவு ஓர் அங்குலம் தப்பாக இருந்ததைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்த வைத்தேன். பெருமையாக இருந்தது. மற்றப் பக்கங்களில் தம்பி விரலை வைத்துக் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கழுதை கூட அவ்வளவு லட்சணமாகத் தலையை ஆட்டியிருக்காது.

ஆறு புது மெஷின்கள் வந்து இறங்கின. பெயின்ட் டப்பாவோடு காஜா வந்தபோது நான்தான் தடுத்தேன். ஆர்டர் முடியட்டும், அப்புறம் எழுதலாம். சம்பாதிப்பதற்கு முன்னாலேயே வந்த மெஷின்கள் இவைதான். பெயரில்லாமல் கழுத்து வெறிச்சென்று நின்றதைப் பார்க்க எனக்கு என்னமோ போலத்தான் இருந்தது. அந்த உறுத்தலைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டிருக்கலாம்.

வேலை நன்றாக நடந்தது. பேட்ஜ்தான் வரவில்லை. பேட்ஜ் இல்லாத சட்டை சட்டையே இல்லை என்று காகிதத்திலேயே போட்டிருந்தது. அதுவும் நான்காம் பக்கத்தில்தான், அதனால் எனக்குத் தெரியும். பேட்ஜைப் பாக்கெட்டில் தைத்த பிறகுதான் பாக்கெட்டைச் சட்டையில் தைக்க முடியும். பாக்கெட் இல்லாத சட்டைகள் சுவரோரமாக ஜன்னல் உயரத்துக்கு ஏறின. அறையில் நடக்க ஒற்றையடிப் பாதை மாதிரி கொஞ்சம் இடம்தான் மிஞ்சியது.

"என்னடா ஆச்சு பேட்ஜ்?"

"வரும்க்கா. அங்க பிரின்ட் லேட்டாம்."

பத்தாம் நாளும் வரும்க்கா, இருபதாம் நாளும் வரும்க்கா, முப்பத்தைந்தாம் நாளும் வரும்க்கா. கேட்கிறபோதெல்லாம் எனக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தான்.

நாற்பத்தோராம் நாள் காஜா பொறுக்க முடியாமல் காகிதத்தில் இருந்த விலாசத்துக்குத் தானே கிளம்பிப் போனாள். போனவள் இரண்டு மணி நேரத்தில் திரும்பி வந்தாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மொட்டை மாடிப் படிக்குப் போனாள்.

"அண்ணி, பேட்ஜ் எப்பவோ குடுத்துட்டாங்களாம். நோட்டை எடுத்துக் காட்டினாங்க. உங்க தம்பிதான் கையெழுத்து போட்டு வாங்கியிருக்கார். நாலு அட்டைப்பெட்டி. ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"வேற யாரோ கையெழுத்தா இருக்கும்."

"அவர் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" என்றாள். "இன்னொண்ணு. உள் ரூம்லேர்ந்து அந்தக் கோட்டுக்காரர் வெளிய வந்தார். என்னைப் பாத்ததும் திரும்பி உள்ள போயிட்டார்."

அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் படித்தோம். ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. அறுபது நாளில் ஆறாயிரம் செட்டும் முழுசாகப் போய்ச் சேராவிட்டால் கொடுத்த அட்வான்ஸ் முதலீடாக மாறிவிடும். கடையில் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பங்கு அவர்களுடையது. ஃபிரிட்ஜ், பேக்கரி, நாய் டாக்டர் எல்லாவற்றிலும். கீழே என் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, அழகாக.

மூன்று தடவை வாசல் வழியாக வந்து பார்த்தார், நடக்கவில்லை. அட்வான்ஸ் என்றால் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறப்போம் என்று அவருக்கு யார் சொன்னது? அது கடைக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தம்பி வீட்டுக்குப் போனேன்.

அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை.

"கட்டிலுக்கு அடியில இருக்குக்கா," என்றாள். "ஒரு மாசமா பெருக்கும்போதெல்லாம் இடிக்குது. கேட்டா சாம்பிள்னார்."

குனிந்து வெளியே இழுத்தேன். நான்கு பெட்டி. பிரிக்கக்கூட இல்லை.

அவன் குளித்துவிட்டுத் தோளில் துண்டோடு வந்தான். பெட்டி வெளியே இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

"அக்கா, நான் சொல்றத கொஞ்சம் கேளு."

"சொல்லு."

"உன்னை யாரும் வெளிய அனுப்பப் போறதில்ல. நூறு மெஷின் வரும். நீதான் எல்லாத்தையும் பாத்துக்கப் போற. எனக்கு மேனேஜர் வேலை, கொஞ்சம் பங்கு. உனக்கு நல்ல சம்பளம்."

"என் கடையில எனக்குச் சம்பளம்."

"எனக்கு மட்டும் ஒன்பது வருஷமா என்ன குடுத்த? சம்பளம்தானே?" அவன் குரல் உயர்ந்தது. "பல் ஆஸ்பத்திரிய யாரு புடிச்சா? பேக்கரிய யாரு புடிச்சா? நாயா அலைஞ்சு புடிச்சிட்டு வந்தேன். ஃபிரிட்ஜ் பேரைக்கூட எழுதியிருக்கீங்க. எந்த மெஷின்லயாவது என் பேர் இருக்கா?"

அதைக் கேட்டதும் என் கோபம் இன்னும் இரண்டு மடங்கானது. அவன் சொன்னதில் அந்த ஒன்று உண்மை. பங்கு வேண்டும் என்று நேராகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? தெரியாது. சண்டை போட்டிருப்பேன், கத்தியிருப்பேன், ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டு அப்புறம் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். பெயரைக் கேட்டான், ஒரே ஒரு தடவை. நான் சிரிக்க வைத்துவிட்டேன். அதற்காக என் தலையில் மிளகாய் அரைப்பதா? ஒரு மாதம் என் முகத்தைப் பார்த்து, டீ வாங்கிக் கொடுத்து, வரும்க்கா வரும்க்கா என்பதா? கட்டிலுக்கு அடியில் எங்கள் பதினேழு குடும்பத்தின் பிழைப்பை வைத்துக்கொண்டு மேலே படுத்துத் தூங்கியிருக்கிறான்.

"நாளையிலேர்ந்து கடைப் பக்கம் வராத," என்றேன்.

"நான் இல்லாம ஆர்டர் யாரு புடிப்பா?"

"இந்த ஆர்டர நீ புடிச்ச லட்சணத்துக்கு யார் வேணா புடிக்கலாம்."

இரண்டு பெட்டியை நான் தூக்கினேன். மற்ற இரண்டை அவன் மனைவி தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே தெருமுனை ஆட்டோ வரைக்கும் வந்தாள். அவன் துண்டோடு வாசலிலேயே நின்றான்.

மிச்சம் பத்தொன்பது நாள். நாலாயிரத்துச் சொச்சம் சட்டைக்குப் பாக்கெட் வைக்க வேண்டும், அதோடு தினம் நூறு புது செட்டும் தைக்க வேண்டும். எல்லோரையும் வேலையை நிறுத்தச் சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். தம்பி செய்ததையும் சொன்னேன், படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் அக்கா, எங்களோடு அந்தப் பூட்டின கேட்டுக்கு வெளியே நின்றவர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஒரு தடவை ரோட்ல நின்னது போதும்," என்றார். "பெட்டியப் பிரி."

ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதையே மறந்தோம். என் கணவர் பஸ் டிரைவர். டூட்டி முடிந்ததும் கூட இரண்டு டிரைவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டினார். ஸ்டீயரிங் பிடிக்கிற அந்தப் பெரிய கைகளில் சின்னக் கத்தரி காணாமல் போய்விடும். என் மாமியார் பட்டன்களை எண்ணிச் சின்னச் சின்னப் பையில் போட்டுக் கொடுத்தார், ஆறு மாதத்தில் அடித்துக்கொள்வோம் என்று சொன்ன அதே மாமியார். ஐம்பத்து மூன்றாம் நாள் காஜாவின் விரலில் ஊசி இறங்கியது. கட்டுப் போட்டுக்கொண்டு மறு கையால் துணியைத் தள்ளினாள். வேண்டாம், போய் உட்கார் என்றேன். என்னைத் திட்டினாள். ஒன்பது வருஷத்தில் என்னை அவள் திட்டியது அன்றைக்குத்தான்.

ஐம்பத்தொன்பதாம் நாள் காலையில் இரண்டு வேனில் கொண்டுபோய் இறக்கினோம். இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு செட்டாக எண்ணினார்கள். எண்ணவில்லை, பேன் பார்த்தார்கள். சாயங்காலம் வரைக்கும் தேடி மூன்று சட்டையில் தையல் கோணல் என்று எடுத்து வைத்தார்கள். நாங்கள் எப்போதும் பன்னிரண்டு செட் கூடுதலாகத் தைத்துக்கொண்டு போவோம். காஜா பையிலிருந்து மூன்று புதுச் சட்டையை எடுத்து வைத்தாள். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான காகிதத்தை நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். அவர்கள் கொட்டாவி விட்டார்கள். படித்து முடித்துத்தான் கையெழுத்து வாங்கினேன்.

கோட்டுக்காரர் கடைசியில் வெளியே வந்தார்.

"உங்கள மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும். மனசுல எதுவும் வச்சுக்காதீங்க. இது பிசினஸ்."

"இது பிசினஸ்னா, நாங்க ஒன்பது வருஷமா பண்றதுக்கு வேற பேர்தான் வைக்கணும் சார்."

"தம்பி வரலையா?" என்று கேட்டார்.

நான் திரும்பி நடந்தேன். அங்கே இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் கை நீண்டிருக்கும்.

மறுநாள் எல்லோருக்கும் லீவு. நானும் காஜாவும் மட்டும் வந்தோம். சட்டை மலை போனதும் அறை பெரிதாகத் தெரிந்தது. ஆறு புது மெஷின்களும் சம்பாதித்து முடித்து எங்களுடையதாக நின்றன. காஜா பெயின்ட் டப்பாவைத் திறந்தாள். விரலில் கட்டு இருந்ததால் பிரஷ்ஷை என்னிடம் நீட்டினாள்.

"என்ன எழுதறது அண்ணி? நர்ஸ்னு எழுதலாமா? இல்ல, கோட்டுன்னு எழுதுங்க, சிரிச்சுக்கலாம்."

எதைக் கொடுத்து வாங்கினோமோ அதன் பெயர். எங்கள் வழக்கம் ஆரம்பித்ததே அப்படித்தான். ஃபிரிட்ஜைக் கொடுத்தோம், ஃபிரிட்ஜ் என்று எழுதினோம். நான் முதல் மெஷின் முன்னால் உட்கார்ந்து எழுதினேன். அப்புறம் அடுத்தது. ஆறிலும் ஒரே பெயரைத்தான் எழுதினேன். கடைசி மெஷினுக்கு வந்தபோது காஜா டப்பாவை என் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

அவன் கடைப் பக்கம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேறு எங்கோ வேலையில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன். ஆர்டர் பிடிக்கக் காஜாவே போகிறாள். அவளுக்குப் பேரம் வராது, ஆனாலும் ஆர்டர் வருகிறது.

"அக்கா, தம்பில நூல் அறுந்துக்கிட்டே இருக்கு," என்று அறையின் அந்தக் கோடியிலிருந்து யாராவது கத்துவார்கள். தினமும் கத்துவார்கள். மற்ற மெஷின் என்றால் ஓவர்லாக் அக்காவையோ வேறு யாரையோ அனுப்புவேன்.

"இருங்க," என்பேன். "நானே வர்றேன்."